இரண்டு கதவு, நான்கு சீட்

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வாய் காபி குடியுங்கள் தம்பி. இஞ்சின் எங்கேயும் ஓடிப் போய்விடாது. ஏன் விற்கிறீர்கள் என்றுதானே கேட்டீர்கள்? நீங்கள் ஐந்தாவது ஆள். முதல் நான்கு பேருக்கும் நிறுத்த இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன். இந்த போர்டிகோவில் இரண்டு லாரி நிறுத்தலாம். அவர்களும் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள், அப்புறம் போனே இல்லை. நீங்கள் நாமக்கல்லிலிருந்து விடிகாலையில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உங்களிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

வண்டியில் கோளாறு கிடையாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தது. நான் இரண்டாவது ஓனர். கூரை பதினெட்டு விநாடியில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். அங்கே ஒரு விஷயம், கூரை உள்ளே போனால் டிக்கியில் பை வைக்க முடியாது. பையெல்லாம் பின்சீட்டுக்குத்தான் போக வேண்டும். இடது பக்கக் கண்ணாடியின் மேல் ரப்பர் கொஞ்சம் இறுகிவிட்டது, பெருமழை பெய்தால் ஒரு சொட்டு இறங்கும். மறைக்க மாட்டேன். பதினொரு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் ஓட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது.

என் மனைவிக்காக வாங்கியது தம்பி. உங்களைப் போலவேதான்.

மேகலா என்று பேர். பத்தொன்பது வருடம் மெல்போர்னில் இருந்தோம். நான் கம்ப்யூட்டர் வேலை, அவள் ஒரு மருந்துக் கடையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் குட்டியாக ஒரு திறந்த கார் வைத்திருந்தார்கள். நல்ல குளிர். அதிலும் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேகலா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

"பாருங்க, அதுல பின்னாடி சீட்டே இல்லை" என்றாள்.

"மழை வந்தா என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

"வரட்டும். ஊருக்குப் போனா எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வாங்கித் தருவீங்களா?"

அத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வாய் விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. காற்று என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மனதில் குறித்துக்கொண்டேன். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே வேனில் பதினோரு பேர் போவோம். அவள் கடைசி வரிசையில் மடியில் யார் குழந்தையையோ வைத்துக்கொண்டு வேர்த்துக்கொட்டி உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பாவம், காற்றுக்கு எவ்வளவு ஏங்கியிருப்பாள் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு வந்துவிட்டோம். மகள் அங்கேயே படிக்கிறாள். இங்கே இந்த வீட்டில் என் அக்கா இருந்தாள். ருக்மணி. மச்சான் போய் ஒன்பது வருடம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை. எங்கள் அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான். நான் அங்கேயிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தேன், அவள் இங்கே பெட்பேன் அலம்பிக்கொண்டிருந்தாள். அதை நான் மறக்க முடியாது தம்பி. மறந்தால் நான் மனுசனே இல்லை.

சித்திரையில் வண்டி பார்க்கப் போனோம். அவினாசி ரோட்டில் ஜலால் பாய் என்று ஒருத்தர், பழைய வண்டி வாங்கி விற்கிறவர். இரண்டு திறந்த வண்டி வைத்திருந்தார். ஒன்று இது. இன்னொன்று வெள்ளி நிறத்தில் சின்னது, இரண்டே சீட். நான் பாயிடம் பேப்பரெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினால் மேகலா அந்தச் சின்னதில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிக் கீழே விட்டிருந்தாள். கோயிலுக்குள் போகிற மாதிரி.

"சார், மேடத்துக்கு அதுதான் புடிச்சிருக்குது போல" என்றார் பாய்.

"அக்கா எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

நியாயமான கேள்விதானே? நீங்களே சொல்லுங்கள். மேகலா இறங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தைக் கையால் ஒரு தரம் தட்டிவிட்டாள். "உங்க இஷ்டங்க" என்றாள். அவளுக்கும் சம்மதம் என்றுதான் இதை எடுத்தேன். இதுவும் திறந்த வண்டிதானே, அதே காற்றுதானே. கூடவே நாலு சீட்.

பாய் சாவியைக் கொடுக்கும்போது, "முப்பது வருசமா யாவாரம் பண்றேன் சார். கூரையில்லாத வண்டிக்கு வர்றவங்க கலரு கேப்பாங்க, வேகம் கேப்பாங்க. சீட்டு எண்ணி வாங்குன மொதல் ஆளு நீங்கதான்" என்றார்.

"நாங்க குடும்பஸ்தங்க பாய்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். மேகலா சிரித்தாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சிரித்திருப்பாள்.

முதல் பயணம் ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலுக்கு. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு வேலுச்சாமி மாடியிலிருந்து, "ஏனுங்க, மாப்ள அழைப்புங்களா? மாப்ளைக்கு நரைச்சுப் போச்சுங்களே!" என்று கத்துகிறார். மேகலா முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. அக்கா கைத்தடி ஊன்றி வந்து கதவுகிட்டே நின்றாள். அவளுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது, மடக்க முடியாது. இந்த வண்டியில் பின்னால் போக வேண்டுமென்றால் முன்சீட்டைச் சாய்த்து, குனிந்து, ஒருக்களித்து நுழைய வேண்டும். இதோ, இப்படி. பார்த்தீர்களா? அக்காவால் எப்படி முடியும்?

நான் மேகலாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை தம்பி. சத்தியமாகச் சொல்லவில்லை. சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அவளாகவே பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனாள்.

அக்காதான், "அட, நீ ஏன் அம்மிணி எந்திரிக்கறே? நான் ஆட்டோல வர்றேன், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள். நான் விடுவேனா? பெற்றவர்களுக்கு மேலாக இருந்தவளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் கூரை திறந்த காரில் போனால் ஊர் என்ன சொல்லும்?

அப்புறம் அது அப்படியே பழகிவிட்டது. நான் ஓட்டுவேன், அக்கா முன்னால், மேகலா பின்னால். டிக்கியில் இடமில்லாததால் காய்கறிப் பை, மருந்துப் பை, அக்காவின் தடி எல்லாம் மேகலாவோடு. முதலில் அக்கா, "ஏண்டா தம்பி, மூடியில்லாத வண்டிக்குப் போயிக் காசு குடுத்தே, மூஞ்சியெல்லாம் மண்ணு" என்று திட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுக்கும் பிடித்துவிட்டது. மருதமலை, பேரூர், சிறுவாணி ரோடு. காலை ஆறரைக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவோம். முன்னால் உட்கார்ந்தால் காற்று இதமாக இருக்கும். கண்ணாடி தடுத்துவிடுகிறது பாருங்கள். பின்னால் கொஞ்சம் அதிகம்தான். அறையும். காதுக்குள் புகுந்து இரைச்சல் போடும். முன்னால் நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்காது, அவள் பேசுவது எனக்குக் கேட்காது.

ஏதோ சொல்வாள். நான் மெதுவாக்கி, "என்ன சொன்னே?" என்பேன்.

"ஒண்ணுமில்லீங்க."

அடுத்த தடவையும் அதேதான். கொஞ்ச நாளில் அவள் பேசுவதை விட்டுவிட்டாள். இயற்கையை ரசிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலை ஸ்கூட்டருக்கு வைத்திருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை வேறு கீழே இறக்கிவிட்டிருந்தாள்! வேலுச்சாமி போட்டோ எடுத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படி ஒரு தமாஷ்காரி அவள். பேரூர் போய்த் திரும்பி வரும்வரை கழற்றவில்லை. சிக்னலில் நிற்கும்போது பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் எல்லாம் கையைக் காட்டின. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் வந்து, "தம்பி, இனி நான் வரலீடா. எனக்கு இடுப்பு வலிக்குது" என்றாள். நான் ஒரு தலகாணி வாங்கிப் போட்டேன்.

ஆவணியில் எங்கள் கல்யாண நாள். இருபத்திரண்டாவது. வால்பாறை போகலாம் என்று நான்தான் சொன்னேன். மேகலா முதல் நாளே பை எடுத்து வைத்தாள். இரண்டு பேருக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறாள், அதை நான் காலையில்தான் கவனித்தேன். அக்காவை இரண்டு நாள் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? அக்கா மாட்டேன் மாட்டேன் என்றாள். "எனக்கு மலைன்னா கிறுகிறுன்னு வரும், ஆளை விடுடா" என்கிறாள். ஏதோ எங்களுக்கு இடைஞ்சல் என்று நினைத்துவிட்டாள். அவள் மனசு நோகக் கூடாதென்று நானே அவள் பையில் துணியை அடுக்கி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன். மேகலா வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுச் சீட்டைச் சாய்த்துப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு போகிற ரோட்டில் ஓர் இளநீர்க் கடை. மூன்று பேரும் இறங்கினோம். குடித்துவிட்டு மேகலா கை கழுவக் கடைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனாள். அக்காவுக்கு நிற்க முடியவில்லை, கால் நடுங்குகிறது. எப்போதும் மேகலா முதலில் ஏறுவாள், அப்புறம் சீட்டை நிமிர்த்தி அக்காவை உட்கார வைப்பேன். அன்றைக்கு அக்காவை முதலில் உட்கார வைத்துவிட்டேன். பெல்ட் போட்டுவிட்டேன், தலகாணியைச் சரி பண்ணினேன், கதவைச் சாத்தினேன், இந்தப் பக்கம் வந்து ஏறினேன்.

"ஏறியாச்சா?" என்று கேட்டேன். கேட்காமல் எடுக்கவில்லை தம்பி. பதில் வரவில்லை. அவள் பதில் சொல்லாமலிருப்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது. எடுத்துவிட்டேன்.

கண்ணாடியில் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். பின்னால் பைகள் அடுக்கியிருந்தன, அதன்மேல் அவள் சால்வை கிடந்தது. சால்வை தெரிந்தது. அது போதுமென்று இருந்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ரோடு ரொம்ப அழகான ரோடு தம்பி. இரண்டு பக்கமும் மரம் கூடி நிழல் கட்டியிருக்கும், எதிரே மலை. அக்கா கண் மூடித் தூங்கிவிட்டாள். எனக்கு என்னவோ மனசு இளகிவிட்டது. நான் பேசத் தெரியாதவன். வீட்டில் உட்கார்ந்து எதிரில் முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று தோன்றியது. சத்தமாகவே சொன்னேன், காற்றில் கேட்க வேண்டுமே. எனக்கு அங்கே வேலை போய் ஏழு மாதம் வீட்டில் கிடந்தேனே, அப்போது நீ மருந்துக் கடையில் டபுள் ஷிப்ட் நின்றுவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டாயே, ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லையே மேகலா என்றேன். இரண்டாவது பிள்ளை நிற்காமல் போனபோது நான் ஆஸ்பத்திரிக்கு வராமல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன், மீட்டிங் என்று சொன்னேன், மீட்டிங் இல்லை, எனக்கு வரப் பயமாக இருந்தது என்றேன். நீ இல்லையென்றால் நான் ஒன்றுமே இல்லை என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் சொல்லாததையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்கவில்லை.

மலையடிவாரத்தில் பாரஸ்ட் செக்போஸ்ட். காக்கிச்சட்டைக்காரர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எத்தனை பேருங்க?"

"மூணு பேரு. நானு, அக்கா, சம்சாரம்."

அவர் எட்டிப் பார்த்தார். "சம்சாரம் எங்கீங்க?"

"பின்னாடி."

"பின்னாடி பைதானுங்க இருக்குது" என்றார்.

அக்கா கண் விழித்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். "அடப் பாவி, வண்டியத் திருப்புடா!" என்று கத்தினாள். திருப்பினேன். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்: "பாதித் தூக்கத்துல உன்ற சத்தம் கேட்டுச்சே. இவ்வளவு நேரம் யாருகிட்டடா பேசிட்டு வந்தே?"

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

இளநீர்க் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். "நீங்க எடுக்கறப்பவே கத்துனனுங்க சார், சார்னு. உங்களுக்குக் கேக்கல. உங்க வீட்டம்மா அந்தக் கல்லு மேல உக்காந்தாங்க. போன் போடுங்கக்கான்னேன். கையிலதான் போன் வச்சிருந்தாங்க. 'அவருக்கே எப்பத் தெரியுதுன்னு பாக்கலாமே'ன்னாங்க. சிரிச்சுட்டுதானுங்க சொன்னாங்க. கால் மணி நேரம் பாத்தாங்க, இன்னொரு அஞ்சு நிமிசம் பாத்தாங்க. பொள்ளாச்சி பஸ் வந்துச்சு, ஏறிட்டாங்க."

என் போனை எடுத்துப் பார்த்தேன். அவளிடமிருந்து ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நிற்கிறாள், சேமியா கிளறிக்கொண்டு. "அண்ணிக்கு மதிய மாத்திரை குடுத்தீங்களா?" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. அவள் கோபக்காரியே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன் தம்பி. கேட்காமல் இல்லை. "இந்த வண்டி டிசைனே தப்பு மேகலா. பின்னாடி கதவு இருந்திருந்தா நீ ஏறுன சத்தம் கேட்டிருக்கும், ஏறலைன்னா தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமாங்க. கதவுதான்" என்றாள்.

காரில் சொன்னதை மறுபடி சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். தெரிகிறது, உங்கள் முகத்திலேயே தெரிகிறது. எப்படிச் சொல்வது? ஒரு தடவை வந்தது. இனி உட்கார வைத்து ஒப்பிக்கவா முடியும்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன். புரட்டாசியில், மகளுக்குப் பரீட்சை, ஒரு மாதம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று டிக்கெட் போட்டாள். பெட்டி இந்த வண்டியில் கொள்ளாது, டாக்ஸி பிடித்தோம். நான் டிரைவருக்குப் பக்கத்தில், அவள் பின்னால். ஏர்போர்ட் போகிறவரை டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் என்றாள். ஆறு மாதம் ஆகிவிட்டது. பழைய மருந்துக் கடையிலேயே மறுபடி சேர்ந்துவிட்டாள், சும்மா இருந்தால் பொழுது போகவில்லையாம். போன் பண்ணினால் நன்றாகத்தான் பேசுகிறாள். சாப்பிட்டீர்களா, பிரஷர் மாத்திரை போட்டீர்களா, எல்லாம் கேட்கிறாள். எப்போது வருகிறாய் என்றால் மட்டும் லைன் சரியில்லை.

அக்கா அன்றையிலிருந்து இந்த வண்டியில் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிறாள். "வா அக்கா, முன்னாடி உக்காரு" என்று கெஞ்சினாலும், "அது என்ற எடம் இல்லீடா தம்பி" என்கிறாள். வயதானால் ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. அன்றைக்கொரு நாள் அவளாகவே மேகலாவுக்குப் போன் பண்ணி அழுதிருக்கிறாள். என்ன பேசினாய் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அதனால்தான் விற்கிறேன். நன்றாக யோசித்துவிட்டேன். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன் தம்பி. ஏழு சீட் வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாலு கதவு. நடுவரிசைக்குத் தனி ஏசி, கால் நீட்டலாம். ஆள் சரியாக ஏறி பெல்ட் போடவில்லையென்றால் கூவும், அப்படியொரு வசதி. இனிமேல் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது.

போன ஞாயிறு போனில் சொன்னேன். "மேகலா, நடுவரிசை முழுக்க உனக்குத்தான். நீ ஒருத்தியே ராணி மாதிரி உக்காந்துட்டு வரலாம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சந்தோசத்தில் பேச்சு வரவில்லை போல. நான் காத்திருந்தேன். பின்னால் எங்கேயோ டிராம் மணி அடிப்பது கேட்டது. அப்புறம், "வாங்குங்க. அண்ணியப் பத்திரமாப் பாத்துக்கங்க. நீங்களும் நல்லா இருங்க" என்றாள்.

நல்லா இருங்க.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் எனக்கு அப்படிச் சொன்னதே இல்லை. வாழ்த்துகிறாள் பாருங்கள், அங்கே இருந்துகொண்டு. அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கும் அன்றையிலிருந்து தூக்கம் சரியில்லை. சந்தோசமான விஷயம்தானே, ஏன் என்று தெரியவில்லை. ஒன்றுமில்லை, இருங்கள். காபி ஆறிவிட்டது, வேறு போடச் சொல்கிறேன்.

பரவாயில்லையா? சரி. வாருங்கள், வண்டியைப் பார்க்கலாம். இந்த மாதத்துக்குள் நீங்கள் எடுத்துக்கொண்டால் நல்லது, அவள் வருவதற்குள் நான் அதை வாங்கி நிறுத்திவிடலாம். உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியாமல் வாங்கி அசத்த வேண்டும் என்கிறீர்கள், சந்தோசம். ஆனால் நான் சொல்வதைக் கேளுங்கள், ஒரு தடவை அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அம்மாவும் உங்களோடுதான் இருக்கிறார்கள் என்றீர்களே. அம்மாவுக்கு முன்னால் வசதியாக இருக்கும், அதற்கு நான் உத்தரவாதம். உங்கள் வீட்டம்மாதான் வந்து பின்னால் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும், கால் இடிக்கிறதா என்று.